மேற்கே கறுத்தா வண்டியை எடுக்கலாமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் 'ஸ்டார்ம் சேஸிங்' ஏன் ஆபத்து?

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் ராஜபாளையத்தில் மாடியேறி மேற்கே பார்த்தால் அந்தக் காட்சி கிடைக்கும். மலைக்கு மேல் பஞ்சுப்பொதி மாதிரி எழும்புகிற மேகம், கொஞ்ச நேரத்தில் காலிஃபிளவர் போலப் பூத்து, அடிப்பகுதி மட்டும் கறுத்து நிற்கும். ஊருக்குள் அப்போதும் வெயில் மண்டையைப் பிளக்கும். மேகத்தைப் பார்த்தால் கை பரபரக்கிற கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. செல்போனில் வீடியோ எடுத்தால் பத்தாது, வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு.

இதற்கு அமெரிக்காவில் 'ஸ்டார்ம் சேஸிங்' என்று பெயர். நம்ம ஊரில் இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும்?

'புயலைத் துரத்துவது' இல்லை

முதலில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். ஸ்டார்ம் சேஸிங் என்றதும் 'புயலைத் துரத்துகிறவர்கள்' என்று தமிழில் எழுதிவிடுகிறோம். தமிழில் புயல் என்றால் வங்கக் கடலில் உருவாகி, பேர் வைத்து, கரையைக் கடப்பது. அமெரிக்காவில் துரத்துவது பெரும்பாலும் அதை இல்லை. தரையில் உருவாகும் இடிமழையையும், அதிலிருந்து கிளம்பும் சுழற்காற்றையும்தான். 1956-ல் வடக்கு டகோட்டா மாகாணத்தில் டேவிட் ஹோட்லி என்ற இளைஞர் காரில் இடிமேகங்களின் பின்னால் போக ஆரம்பித்தார். இந்தப் பொழுதுபோக்கின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அங்கே இது சாத்தியமாவதற்கு நிலமும் ஒரு காரணம். சமவெளி, நேர்கோட்டுச் சாலைகள், தொலைவிலேயே முழு மேகமும் கண்ணில் படும். அப்படி இருந்தும் 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே டிம் சமராஸ், அவரது மகன் பால், சக ஆய்வாளர் கார்ல் யங் மூன்று பேரும் சுழற்காற்றில் சிக்கி இறந்தார்கள். சமராஸ் கத்துக்குட்டி இல்லை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான உதாரணம் கொல்கத்தா. 'கொல்கத்தா கிளவுட் சேஸர்ஸ்' என்ற புகைப்படக் குழு, கோடையில் வரும் 'கால்பைசாகி' இடிமழையை ரேடாரில் பார்த்துக் கணித்து, காரில் போய்ப் படம் எடுக்கிறது. சோட்டா நாக்பூர் பீடபூமிப் பக்கம் உருவாகும் அந்த மேகங்கள், வங்காளச் சமவெளியில் தென்கிழக்கு நோக்கி நகர்கின்றன. எதிரே போய் நிற்கலாம், வந்ததும் விலகலாம்.

சென்னையில் வேறு கதை. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜான் வானிலைத் துறை ஊழியர் இல்லை. ஆர்வத்தால் உள்ளே வந்தவர். அவரைப் போன்றவர்கள் மேகத்தைத் துரத்துவது உட்கார்ந்த இடத்தில் இருந்துதான். சென்னை டாப்ளர் ரேடார் படத்தில் சிவப்புப் புள்ளி திருவள்ளூரில் இருக்கிறதா, பூந்தமல்லிக்கு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். இன்றைக்கு மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளின் மழை அளவை சென்னையில் இருக்கிறவர்கூட விசாரிக்கிறார் என்றால், அதில் இந்த ஆர்வலர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ராஜபாளையத்தில் ரேடாரை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். ரேடார் கதிர் ஏறக்குறைய நேராகப் போகும், பூமி வளைந்து இறங்கும். காரைக்கால் ரேடாரில் இருந்து ராஜபாளையம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் கதிர் தரையில் இருந்து 6 கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். அதற்குக் கீழே மேகத்தில் நடப்பது அதன் கண்ணில் படாது. திருவனந்தபுரம் ரேடார் பக்கம்தான், சுமார் 130 கிலோமீட்டர். ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் புதிய ரேடார்கள் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்திருப்பதற்கு இந்த மாதிரி இடைவெளிகளும் காரணம்.

அதனால் போனில் தெரியும் படத்தில் 'ஒண்ணும் இல்லை' என்றால், மலையில் மழை இல்லை என்று அர்த்தம் கிடையாது.

இங்கே மேகம் ஓடாது

கொல்கத்தா மேகம் நகரும். இங்கே பல நாட்களில் மேகம் மலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் மேலேறுகிறது, கடலில் இருந்து வரும் ஈரக்காற்றும் அதில் சேர்கிறது. ஒரே முகட்டில் மேகம் திரும்பத் திரும்ப உருவாகிக் கொட்டித் தீர்க்கிறது. பாடப்புத்தகத்தில் 'கார்திரள் மேகம்' என்று படித்தது இதைத்தான். மேல்மட்டக் காற்று கிழக்கே தள்ளினால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மழை, மேற்கே தள்ளினால் கேரளத்துக்கு. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒரு ஊரில் சாக்கடை நிரம்பி ஓடும்போது இன்னொரு ஊரில் புழுதி பறக்கும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மலை முகடுகள் 1,500 மீட்டருக்கு மேல், அடிவார ஊர்கள் 200 மீட்டருக்கும் கீழே. நடுவில் சில கிலோமீட்டர்தான் சரிவு. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். 10 சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 50 கோடி லிட்டர். ஒரு பகுதியை மண் குடித்தாலும், மிச்சம் குறுகலான ஓடைக்குள் இறங்கியாக வேண்டும்.

2015 மே மாத அமாவாசையை ஒட்டி சதுரகிரியில் நடந்தது இதுதான். கோடை மழையில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மலையில் சிக்கினார்கள். தாணிப்பாறை வழியாக மலையேறியவர்களுக்கு வழுக்குப்பாறையும் சங்கிலிப்பாறையும் எப்படிப்பட்ட இடங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மழை எச்சரிக்கை வந்தால் சதுரகிரி ஏறத் தடை, அய்யனார் கோயில் ஆற்றில் குளிக்கத் தடை என்று வனத்துறை அறிவிப்பதைப் பார்த்து 'வெயில் அடிக்குது, எதுக்குத் தடை?' என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் அடிப்பது கீழே. தண்ணீர் வருவது மேலே இருந்து.

அப்போ ஆர்வலர்கள் என்னதான் செய்யலாம்?

இதற்குப் பதில் அமெரிக்காவின் இன்னொரு மலையடிவார ஊரில் இருக்கிறது. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் 1997 ஜூலையில் ஊரின் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் மழை, இன்னொரு பக்கம் 2 அங்குலம்கூட இல்லை. வெள்ளத்தில் 5 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து அளந்து சொல்லும் தன்னார்வலர் வலையமைப்பு அங்கே தொடங்கியது. யாரும் காரை எடுக்கவில்லை.

இங்கேயும் செய்ய முடியாத வேலை இல்லை. பக்கங்கள் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். மரம், சுவர் ஒட்டாத திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். வானிலை மையம் கணக்கெடுக்கும் நேரமும் அதுதான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை. செண்பகத்தோப்புப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் இதை விடாமல் குறித்து வந்தால், ரேடார் கோட்டைவிட்ட மழைகூட அந்த நோட்டில் இருக்கும்.

ஆனால் 'இன்று இரவு வெள்ளம் வரும்' என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது வேறு விஷயம். பொய்யான பேரிடர் எச்சரிக்கை பரப்பி பீதி கிளப்பினால், 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

மின்னலையும் மறக்கக் கூடாது. நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். பளிச்சென்று தெரிந்த பிறகு இடி கேட்க 30 விநாடிக்குள் ஆனால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வீடியோவை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும். மாமரத்தடி, தென்னந்தோப்பு, மொட்டை மாடி மூன்றும் கூடாது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

ஓடையில் நிற்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இருந்து இரைச்சல் கேட்டால், துணியையும் செருப்பையும் விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும் வரை அங்கேயே மேடான இடத்தில் இருந்துகொண்டு, சிக்னல் கிடைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ அழைக்கலாம்.