அயர்லாந்து மக்களின் தீர்ப்பும் ஒரு பேராயரின் கேள்வியும்

சென்ற மாதம் பயான் முடிந்து வெளியே வரும்போது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், ஒரே பாலினத் திருமணத்தை கோர்ட்டும் அரசாங்கமும்தான் மக்கள் தலையில் கட்டுதுன்னு சொல்றாங்க. ஆனா அயர்லாந்துல மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்தாங்களாமே, அது எப்படி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பக்கூடிய கேள்வியும் அல்ல. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மார்க்கத்தின் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நிக்காஹ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம். இதில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை. லூத் (அலை) அவர்களின் வரலாற்றை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். எந்த நாட்டின் சட்டம் மாறினாலும் இந்த ஹுக்மு மாறாது.

இனி அயர்லாந்துக்கு வருவோம். 2015 மே 22 வெள்ளிக்கிழமை அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 62 சதவீதம் பேர் ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவளித்தார்கள். மக்களின் நேரடி வாக்கால் இதைச் சட்டமாக்கிய முதல் நாடு அதுதான். 43 தொகுதிகளில் ஒரே ஒரு தொகுதி மட்டுமே எதிர்த்தது.

இது மதப்பற்று இல்லாத நாடா என்றால், இல்லை. 2011 கணக்கெடுப்பில் அயர்லாந்து மக்களில் 84 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்றே பதிந்திருந்தார்கள். பத்தில் ஒன்பது ஆரம்பப் பள்ளிகள் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருந்தன. ஆண்களுக்கிடையிலான ஓரினச் சேர்க்கை 1993 வரை அங்கே குற்றம். விவாகரத்துக்கான தடைகூட 1995இல்தான், அதுவும் சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில், நீங்கியது. அதிலிருந்து இருபதே ஆண்டுகளில் இந்த முடிவு வந்தது.

முடிவு வெளியான நாளில் டப்ளின் கோட்டை முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆரவாரம் செய்தார்கள். வெளிநாடுகளில் வேலை பார்த்த இளைஞர்கள் பலர் வாக்களிப்பதற்காகவே ஊர் திரும்பியிருந்தார்கள். பக்தியுள்ள கத்தோலிக்கரான முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ், தம் மகனின் வாழ்க்கையை எடுத்துச் சொல்லி ஆதரவு கேட்டிருந்தார். பிள்ளைக்குத் தாயும் தந்தையும் வேண்டும் என்று சொல்லி எதிர்த்து வாக்களித்த 38 சதவீதம் பேரும் அதே நாட்டில்தான் இருந்தார்கள். வத்திக்கானின் அரசுச் செயலர் கர்தினால் பரோலின் இதை மனிதகுலத்துக்கே ஏற்பட்ட தோல்வி என்று வருணித்தார்.

இவற்றையெல்லாம் விட என் மனதில் தங்கியது டப்ளின் பேராயர் டயர்மிட் மார்ட்டினின் பேச்சுதான். அவர் சட்ட மாற்றத்தை எதிர்த்தவர். ஆனால் தோல்விக்குப் பின் அரசியல்வாதிகளையோ ஊடகத்தையோ அவர் சாடவில்லை. ஆதரித்து வாக்களித்த இந்த இளைஞர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு ஆண்டுகள் நம் பள்ளிகளில் படித்தவர்கள்தானே, நம் செய்தி ஏன் அவர்களைச் சென்றடையவில்லை என்று தம் திருச்சபையைப் பார்த்தே கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி அயர்லாந்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2009இல் வெளியான ரயன் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் பல்லாண்டுகள் பட்ட கொடுமைகளை வெளிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு வந்த மர்ஃபி அறிக்கை, டப்ளின் மறைமாவட்டத்தில் பிள்ளைகளைச் சீரழித்த பாதிரிகளின் குற்றங்கள் எப்படி மூடி மறைக்கப்பட்டன என்பதைக் காட்டியது. மார்க்கம் சொல்பவர்கள் தம் வீட்டுத் தவறை மூடி மறைத்தபின், ஒழுக்கத்தைப் பற்றிப் பேச எழுந்தபோது, மக்களின் காது பாதி மூடிவிட்டது. வாக்கெடுப்பு முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஆலிம்களாகிய எங்களுக்கு இதில் இருக்கும் பாடத்தை நாங்கள் தட்டிக் கழிக்க முடியாது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. 2023 அக்டோபர் 17 அன்று, ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, அது சட்டமன்றங்களின் வேலை என்றது. அந்த வழக்கில் ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் அமைப்பும் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. தீர்ப்பு வந்த நாளில் நம்மவர்கள் பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பை நம்பி மட்டும் பிள்ளையின் ஈமானைக் காக்க முடியாது. அயர்லாந்தில் சட்டம் வெகுகாலம் திருச்சபையின் பக்கம்தான் இருந்தது.

பெற்றோர்களே, உங்களிடம் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும்.

ஒன்று, பிள்ளை கேட்டால் "ச்சீ, இதெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். நீங்கள் பேசாவிட்டால் அவனிடம் கைப்பேசி பேசும். ஹராம் என்று சொல்வதோடு, குடும்பம் எதற்காக, நிக்காஹ்வின் பொறுப்புகள் என்ன என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டு, கேலி வேண்டாம். வாட்ஸ்அப்பில் இந்த மக்களைப் பற்றி வரும் ஆபாசத் துணுக்குகளைப் பகிர்வது தீமையைத் தடுப்பது ஆகாது. அதுவே நாவின் பாவம். மனதில் எழும் ஈர்ப்பு வேறு, செய்யும் செயல் வேறு என்று ஃபிக்ஹு பிரித்துப் பார்க்கிறது. செயலைத் தவறு என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஒரு மனிதனின் மானத்தில் கை வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியம். உங்கள் சொந்தப் பிள்ளையே ஒருநாள் அழுதுகொண்டு வந்து, தன் மனம் இப்படி இருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அடிப்பதும் வீட்டை விட்டு விரட்டுவதும் வேண்டாம். ஜமாஅத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பரப்பவும் வேண்டாம். அடுத்தவர் குறையை மறைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று அவசரப்பட்டு விவரம் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவருவது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களிடம் சொல்ல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். ஹுக்மை மாற்றாமலேயே அன்பு காட்ட முடியும்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் படிக்கட்டில் நின்று சொல்ல நேரமில்லை. "மக்களே ஓட்டுப் போட்டது உண்மைதான் தம்பி. அதற்கு முன்பே அவங்க தங்கள் போதகர்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திட்டாங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாங்க இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம் ஹஜ்ரத், நீங்க இதையெல்லாம் பேசுங்க" என்றார்.

அந்த நம்பிக்கை கையில் இருக்கும்போதே அதற்குத் தகுதியாக நடந்துகொள்ள அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.