சாண்டோரினியில் அறை போடுவதற்கு முன்

கிரீஸின் சாண்டோரினித் தீவு என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும்: மலை விளிம்பில் வெள்ளை வீடுகள், கீழே நீலக் கடல். அந்தப் படத்தைப் பார்த்து அறை போடுகிறவர்கள் கவனிக்காத விஷயம், அந்தக் கடல் ஏறக்குறைய 300 மீட்டர் கீழே இருக்கிறது என்பது. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்புகிற சமாச்சாரமில்லை.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் சரிந்தது. அந்தப் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். அதை ஒட்டிய மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறை. கிழக்குப் பக்கம் மெல்லச் சரிந்து கடலைத் தொடுகிறது. அதனால் காட்சி ஒரு பக்கம், குளியல் மறுபக்கம். ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா ஆகியவை மேற்கு விளிம்பு ஊர்கள். கமாரி, பெரிசா பக்கம் கடற்கரை. அங்கே மணல் கறுப்பு; கோடை மதியத்தில் செருப்பில்லாமல் நடந்தால் கால் பொரிந்துவிடும். வாடகை மேற்கைவிடப் பெரும்பாலும் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்கள் கமாரியில் தங்கிக்கொண்டு, அஸ்தமனம் பார்க்க ஒரு மாலை மட்டும் ஓயா போய் வரலாம் என்பேன். பேருந்தில் ஃபிராவில் இறங்கி மாற வேண்டும். திரும்பும்போது கூட்டம் நெரியும்.

மேற்கில்தான் தங்குவேன் என்றால் முதலில் படிகளை விசாரியுங்கள். கார் மேலே சாலையோடு நின்றுவிடும். சாலையிலிருந்து வரவேற்பறைக்கு எத்தனை படி, அங்கிருந்து உங்கள் அறைக்கு எத்தனை படி என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெட்டியை ஹோட்டல் ஆள் தூக்கி வருவார். மூட்டுவலிக்காரர் தானேதான் இறங்கி ஏற வேண்டும். எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்த குகை அறைகள் கோடையில் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் வெளிச்சம் வாசல் பக்கம் மட்டும்தான். சிலவற்றில் ஈர வாடையும் உண்டு. அறைக்கு முன்னால் தனிக் குளம் என்று படம் போட்டிருப்பார்கள். அதற்கு மேலே ஊர் நடக்கிற பாதை போவது படத்தில் விழாது. விருந்தினர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 'கடல் தெரியும் அறை' என்று மட்டும் இருந்தால் அது கிழக்குக் கடலாகவும் இருக்கலாம். கால்டெரா என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பால்கனியில் உட்கார முடியாத நாட்களும் வரும், கப்பல்களும் தாமதமாகும். நவம்பர் முதல் மார்ச் வரை நிறைய ஹோட்டல்கள் மூடிக் கிடக்கும். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ தோது.

கடைசியாகப் பணம். கிரீஸில் அறை வாடகைக்கு மேல் பருவநிலைக் கட்டணம் ஒன்று உண்டு. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோ. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஹோட்டலில்தான் கேட்பார்கள்.