விருந்தும் நோயும்

நகர வாழ்வினர் தம் தோட்டத்துப் பறவைகட்கு இரையிட்டு, அவை உண்ணும் அழகைக் கண்டு களித்தல் இனிய வழக்கமே. ஆயினும் அன்பு மட்டும் போதுமோ? பிரித்தானியாவில் நிகழ்ந்ததொன்றைக் காண்போம்.

அந்நாட்டுத் தோட்டங்களில் கிரீன்பிஞ்சு என்னும் பசுநிறக் குருவிகள் திரளாக வந்து, மக்கள் இட்ட சூரியகாந்தி விதைகளைத் தின்னும். 2005-ஆம் ஆண்டில் அவற்றினிடையே ஒரு தொண்டைநோய் தோன்றி, 2006-இல் கொள்ளைநோயாயிற்று. அதனை விளைக்கும் நுண்ணுயிர் புறாக்களிடத்து முன்னரே இருந்ததாகும். நோயுற்ற பறவை விழுங்கமாட்டாது உமிழ்ந்த விதையிலும், பருகிய நீரிலும் எச்சில் கலக்கும். பின்வரும் பறவை அதனையே உண்ணும். பல பறவைகள் ஓரிடத்துக் கூடியமையால் நோய் விரைந்து பரவியது. 2021-இல் அவ்வினம் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இடம் பெற்றது. விருந்திட்ட கலமே நோய்க்கலமாயிற்றன்றோ!

ஆதலின் இரையிடுதலை ஒழிக என்பது கருத்தன்று. கலங்களை நாள்தோறும் கழுவி உலர்த்துக. எஞ்சிய இரையை அகற்றுக. ஓரிடத்தே குவியாது பலவிடத்துச் சிறிது சிறிதாக இடுக. இறகு சிலிர்த்துச் சோர்ந்திருக்கும் பறவையைக் காணின், சில வாரம் இரையிடாது நிறுத்துக. கூர்ந்து நோக்குதல் களித்தற்கு மட்டுமன்று, இக்குறியை அறிதற்கும் வேண்டப்படும்.

யானும் விடுதி முற்றத்தில் வைத்த நீர்ச்சட்டியைப் பன்னாள் கழுவாதிருந்தேன். இதனை அறிந்த அன்றே கழுவினேன்.