மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: நன்மையும் தீமையும்

நோய் முற்றிய பின் மருந்து தேடுவதினும், அது முளைக்கும்போதே கண்டு களைவது மேல் என்பது எவரும் ஒப்பும் உண்மை. ஆயினும், முளைப்பன யாவும் நச்சு மரங்களாக வளர்வதில்லை. இவ்வேறுபாட்டை அறிய இயலாதவிடத்து, காப்பதற்கென எழுந்த முயற்சியே சிலருக்குத் துன்பமாய் முடிதல் கூடும். மார்பகப் புற்றுநோயைத் தேடும் பரிசோதனை இதற்குத் தக்க சான்றாகும்.

மமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படம். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் அது காட்டவல்லது. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டு முதல், நோய்க்குறி எதுவுமில்லாத பெண்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைத்து, அரசாங்கச் செலவில் இப்படத்தை எடுத்து வருகின்றனர். இன்று 50 வயதுக்கும் 71 வயதுக்கும் இடைப்பட்டோர் அழைக்கப்படுகின்றனர்.

இதனால் விளையும் பயன் எவ்வளவு? பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைந்த அறிஞர் குழு இவ்வினாவை ஆராய்ந்து 2012இல் விடை கூறிற்று. 50 வயதான 10,000 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து அழைத்துவரின், அவர்களுள் 43 பேர் இந்நோயால் இறப்பது தவிர்க்கப்படும். அதே காலத்தில் 129 பேர், தம் வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத புற்றுக்காகச் சிகிச்சை பெறுவர். அஃதாவது, ஓருயிர் காக்கப்படுமிடத்து ஏறக்குறைய மூவர் வேண்டாத சிகிச்சைக்கு ஆளாகின்றனர் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

இஃது எவ்வாறு நேர்கிறது? சில புற்றுக்கள் பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பன. சில மிக மெதுவாக வளர்வன. இன்னது உறங்கும், இன்னது பரவும் என ஒவ்வொருவர் வகையிலும் உறுதியாகச் சொல்ல வைத்தியரால் இயலாது. ஆகவே, கண்டவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. காக்கப்பட்டவள் யார், வீணே வருந்தியவள் யார் என்பது எவருக்கும் தெரியாது. இருவரும் உயிர் தப்பியதாகவே நன்றி கூறுவர்.

வேறொரு துன்பமும் உண்டு. பிரித்தானியாவில் படம் எடுக்கப்படும் 100 பேருள் ஏறக்குறைய நால்வர் மறுபரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். அந்நால்வருள் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகிறது. மற்றை மூவரும் அச்சத்தோடு கழித்த நாட்களுக்கு ஈடு ஏது?

வயது மாறத் துலாக்கோலும் சாய்கிறது. இளையோரிடம் நோய் அரிது. மார்பக இழையமும் அடர்ந்திருப்பதால் படம் தெளிவாய் அமைவதில்லை. பிரித்தானியாவில் சுமார் 1,60,000 பெண்களைக் கொண்டு நிகழ்ந்த நீண்ட ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. நாற்பதுகளில் 1,150 பேரைப் பரிசோதித்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படும் என்று அது காட்டிற்று. ஐக்கிய அமெரிக்காவின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு, 40 வயதினர் தத்தம் நிலைக்கேற்ப முடிவு செய்க என 2009இல் கூறியது. 2024இலோ, 40 முதல் 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டுமென விதந்துரைத்தது.

முதுமையில் நோய் மிகுதி. எனினும் பரிசோதனையின் பயன் கைகூடப் பல ஆண்டுகள் செல்லும். வேறு பிணிகளால் நலிந்தோருக்கு அப்பயன் கிட்டுமுன் காலம் முடிந்துவிடலாம். அதனாலேயே பிரித்தானியாவில் 71 வயதின் பின் அழைப்பு நின்றுவிடுகிறது. விரும்புவோர் தாமே கேட்டுப் பெறலாம்.

இக்கணக்கு நோய்க்குறி இல்லாதோர்க்கே உரியது. நெருங்கிய உறவினர் பலருக்கு இந்நோய் கண்ட குடும்பத்தினர் தனி ஆலோசனை பெறல் வேண்டும். கட்டியோ, முலைக்காம்பில் இரத்தக் கசிவோ, தோலில் மாற்றமோ கண்டவள் எவ்வயதினளாயினும் தாமதமின்றி வைத்தியரை நாடுதல் கடன். ஏனையோருக்கு அழைப்பு வருமிடத்து, ஏற்பதும் மறுப்பதும் அறியாமையின் விளைவாதல் கூடாது. இருபக்கமும் எடைபோட்டு அவள் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது மதிக்கத்தக்கதே.