தினமும் 100 பேரில் 2 பேர்தான் பொதுச்சேவை செய்கிறார்களா? சர்வேயில் கணக்கு எடுப்பது இப்படித்தான்!

"சேவையா? அதெல்லாம் பெரிய ஆளுங்க செய்றது சார். நான் ஆட்டோ ஓட்டுறேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஆட்டோ ஸ்டாண்டில், "நீங்க தன்னார்வலரா?" என்று கேட்டதற்கு டிரைவர் ஒருவர் சொன்ன பதில் இது. கூட நின்ற 3 பேரும் "நாங்களும் இல்லை" என்று கையை விரித்தார்கள்.

கேள்வியை மாற்றிப் பார்த்தோம். "போன ஒரு மாசத்துல காசு வாங்காம வெளி ஆளுங்க யாருக்காவது ஏதாவது வேலை செஞ்சு கொடுத்தீங்களா?"

அவ்வளவுதான், ஆளாளுக்கு பேச ஆரம்பித்து விட்டார்கள். ஒருவர் பைக்கில் இருந்து விழுந்து கிடந்தவரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்து விட்டு, வீட்டுக்காரர்கள் வரும் வரை ராத்திரி 10 மணி வரைக்கும் கூடவே இருந்திருக்கிறார். இன்னொருவர் தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பந்தல், ஐஸ் பெட்டி, சுடுகாடு என்று ஒரு பகல் பூரா சவாரியை விட்டு விட்டு அலைந்திருக்கிறார். "அதுக்கு பேரு சேவையா சார்? அது நம்ம தெரு" என்றார் அவர்.

கேட்கிற விதத்தில் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் ஒரு நாட்டின் கணக்கே மாறிப் போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை

மத்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை நாடு முழுவதும் 'நேரப் பயன்பாடு சர்வே' எடுத்தது. 1 லட்சத்து 38 ஆயிரத்து 799 வீடுகளில், 6 வயதும் அதற்கு மேலும் உள்ள 4 லட்சத்து 47 ஆயிரத்து 250 பேரிடம் விவரம் வாங்கினார்கள். (1998-99-ல் 6 மாநிலங்களில் மட்டும் இதற்கு வெள்ளோட்டம் பார்த்தார்கள். அதில் தமிழ்நாடும் ஒன்று.)

கேட்பது ரொம்ப சிம்பிள். முந்தின நாள் அதிகாலை 4 மணியில் இருந்து இன்று அதிகாலை 4 மணி வரை என்னென்ன செய்தீர்கள்? அரை மணி, அரை மணியாக பிரித்து எழுதுவார்கள். சமையல், வேலைக்கு போனது, டி.வி. பார்த்தது, தூங்கியது எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஐ.நா. வகுத்த பட்டியலில் மொத்தம் 9 பெரிய தலைப்புகள். அதில் 5-வது தலைப்புதான் சம்பளம் வாங்காமல் செய்யும் தன்னார்வ வேலை. சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு போகிறவர்களையும் இதே தலைப்பில்தான் சேர்த்து விடுகிறார்கள்.

ரிசல்ட் என்ன தெரியுமா? இந்த தலைப்பில் வந்தவர்கள் 100-க்கு 2.4 பேர். ஆண்கள் 2.7, பெண்கள் 2.0. செய்தவர்கள் மட்டும் சராசரியாக 1 மணி 40 நிமிடம் செலவு செய்திருக்கிறார்கள். (அதே சர்வேயில் சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 100-க்கு 81 பேர், அதுவும் நாளைக்கு சுமார் 5 மணி நேரம். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

இதைப் பார்த்து "நம்ம ஆளுங்களுக்கு உதவும் மனசே இல்லை" என்று பேசினால் அது தப்புக் கணக்கு. காரணம், இது ஒரே ஒரு நாளின் கணக்கு.

உதாரணத்துக்கு, ஒரு தெருவில் 30 பேர். தெருமுனை தண்ணீர் தொட்டியை ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து கழுவுகிறார்கள். 30 பேருமே மாசத்தில் ஒரு நாள் பொது வேலை செய்கிறவர்கள்தான். ஆனால் "நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் ஒரே ஒருத்தர்தான் சிக்குவார். கணக்கில் 100-க்கு 3.3 பேர் என்று வரும். மீதி 29 பேரும் அன்றைக்கு சும்மா இருந்தவர்கள்!

அமெரிக்கா கணக்கு வேற

அமெரிக்காவில் அரசாங்கம் எடுத்த கணக்கில் 2023-ம் ஆண்டு 100-க்கு 28.3 பேர் ஏதாவது ஒரு அமைப்பு மூலமாக சேவை செய்ததாக வந்தது. அக்கம்பக்கத்துக்கு உதவியவர்கள் 54.2 பேர். நம்ம 2.4 எங்கே, அவர்கள் 28 எங்கே என்று தோன்றும். ஆனால் அங்கே கேட்பது ஒரு நாளைப் பற்றி இல்லை, 12 மாசத்தைப் பற்றி. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

12 மாசம் என்று கேட்டாலும் சிக்கல் இருக்கிறது. போன பொங்கலுக்கு யாருக்கு என்ன செய்தோம் என்று இன்றைக்கு கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால்தான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் போட்ட கையேட்டில், கடைசி 4 வாரத்தைப் பற்றி கேளுங்கள் என்று சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது. கேள்வியில் 'தன்னார்வலர்' என்ற வார்த்தையே வேண்டாம், செய்த வேலையைக் கேளுங்கள் என்றது. ஆட்டோ ஸ்டாண்டில் நாம் பார்த்ததும் அதைத்தானே!

சாப்பாடு போட்டால்?

எது சேவை என்பதற்கும் ரூல் இருக்கிறது. 2013-ல் உலக அளவில் கூடி முடிவு செய்தார்கள். சம்பளம் கூடாது, கட்டாயம் கூடாது, வீட்டு ஆளுக்கோ சொந்தக்காரருக்கோ செய்ததாக இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது செய்திருக்க வேண்டும்.

சாப்பாடு, டீ, பஸ் காசு வாங்கினால் பரவாயில்லை. செலவுக்கு கொஞ்சம் பணம் வாங்கினாலும், அந்த ஊர் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு கீழே இருந்தால் சேவைதான். மார்க்குக்காக காலேஜில் கட்டாயம் என்று ரோடு கூட்டினால் அது சேர்த்தி இல்லை.

நம்ம ஊரில் இடிக்கிற இடம் சொந்தக்காரர் விஷயம். பக்கத்து வீட்டு கல்யாணத்தில் பந்தி பரிமாறினால் கணக்கில் வரும். சித்தி மகள் கல்யாணம் என்றால் வராது. தெருவே மாமன், மச்சான் என்று கூப்பிடும் ஊரில் கணக்கு எழுத வருகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

தமிழ்நாட்டில் 'தன்னார்வலர்' என்ற சொல் வீடு வீடாக பரவியது 'இல்லம் தேடி கல்வி' மூலமாக. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு பாடம் சொல்லிக் கொடுத்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 கொடுத்தார்கள். அவர்களிடம் கேட்டால் "ஆமா, நான் தன்னார்வலர்" என்று டக்கென்று சொல்வார்கள். வயசான பாட்டியை வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போகும் எதிர்வீட்டு அக்கா சொல்ல மாட்டார்.

வெள்ளம் வந்தால்?

பெரிய ஓட்டை இன்னொன்றும் உண்டு. 1 லட்சத்து 39 ஆயிரம் வீடுகளை 365 நாளுக்கு பிரித்தால் நாடு முழுக்க ஒரு நாளைக்கு சுமார் 380 வீடுதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளோடு வந்து சிக்கியவர்களை மீட்டார்கள். அந்த வருஷம் இப்படி ஒரு சர்வே நடந்திருந்தாலும், அன்றைய 380 வீட்டில் குப்பத்து வீடு எத்தனை இருந்திருக்கும்? 2018 ஆகஸ்டில் கேரளாவில் லாரியில் படகு ஏற்றிப் போன மீனவர்கள் கதையும் இதேதான்.

அடுத்த சர்வே 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்தது. 1 லட்சத்து 39 ஆயிரத்து 487 வீடுகள். முடிவு 2025 பிப்ரவரியில் வந்தது. இப்போது பேப்பர் இல்லை, டேப்லெட்டில் பதிவு செய்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு சர்வே எடுக்க வந்தால் முதலில் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. "நேத்து சாயங்காலம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் "சும்மாதான் இருந்தேன்" என்று சொல்லி விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு ரேஷன் வாங்கிக் கொடுத்தது, தெருப் பிள்ளைக்கு கணக்கு சொல்லிக் கொடுத்தது, கோவிலில் அண்டா கழுவியது என்று எத்தனை மணிக்கு செய்தீர்களோ அதைச் சொல்லி எழுத வையுங்கள்.