போலிப் படம் வந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவது போல ஒரு வீடியோ பரவியது. உடல் வேறொரு பெண்ணுடையது. முகம் மட்டும் அவருடையது. அதைத் தயாரித்ததாக அடுத்த ஜனவரியில் டெல்லி போலீஸ் ஆந்திராவில் ஒருவரைக் கைது செய்தது. இதே கொடுமை கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு நடந்தால், "நீ ஏன் போட்டோ போட்டே?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். அதற்குப் பயந்தே பலர் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். ஆதாரமும் சேர்ந்து போய்விடுகிறது.

அந்தப் பதிவின் லிங்க், போட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மிரட்டல் மெசேஜ் வந்திருந்தால் அதையும் வைத்திருங்கள். வழக்கு முடியும்வரை போனை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம்.

இப்படிக் கணினியில் முகம் மாற்றும் டீப்ஃபேக்குக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லைதான். அதனால் குற்றவாளி தப்பிவிடுவான் என்று நினைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. பாலியல் செயலைக் காட்டும் படமென்றால் 67ஏ: முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். தயாரித்தவருக்கு மட்டுமல்ல, அனுப்புகிறவருக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு செய்பவரும் இதில் அடக்கம்.

புகாரை இரண்டு பக்கமும் கொடுங்கள். ஒன்று, அந்தச் சமூக ஊடக நிறுவனத்துக்கு. மார்ஃபிங் செய்த படங்களை 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்றன 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். 2026 பிப்ரவரித் திருத்தம் அந்தக் கெடுவை இன்னும் சுருக்கிவிட்டது. இன்னொன்று, போலீஸுக்கு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். மிரட்டலுக்குப் பயந்து பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே 1930 எண்ணை அழையுங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கு வேண்டுமானாலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் மட்டும் வழி வேறு. அதே சட்டத்தின் 67பி பிரிவில், சிறாரை ஆபாசமாகக் காட்டும் படத்தை டவுன்லோடு செய்வதே குற்றம். பெற்றோரே, படத்தைச் சேமிக்காதீர்கள், உறவினர் யாருக்கும் காட்டாதீர்கள். லிங்க்கை மட்டும் எழுதிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள்.