சும்மா உட்கார்ந்திருந்தாலும் 25 மீட்டர் ஏறலாம்! ஸ்போர்ட்ஸ் வாட்ச்சின் உயரக் கணக்கு

காலை 10 மணிக்கு ஒகேனக்கல் வந்து இறங்குகிறீர்கள். பரிசல், எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், மீன் வறுவல். மாலை 4 மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி, ஸ்போர்ட்ஸ் வாட்ச்சைப் பார்த்தால், அதே இடம் 25 மீட்டர் உயர்ந்திருக்கிறது! வாட்ச் ரிப்பேரா? இல்லீங்க.

இந்த வாட்ச்கள் பலவற்றில் காற்றழுத்த சென்சார் உண்டு. மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். சுமார் 8 முதல் 9 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். இதை வைத்துத்தான் வாட்ச் உயரத்தைச் சொல்கிறது. சிக்கல் என்னன்னா, நாம் ஏறாமலே அழுத்தம் குறைந்தாலும் அதற்கு ஏறிய மாதிரிதான் தெரியும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் காலை 10 மணி வாக்கில் உச்சம் தொட்டு, மாலை 4 மணிக்குள் 3 மில்லிபார் அளவுக்கு இறங்கிவிடும். இரவு 10 மணி வாக்கில் மறுபடி ஏறும். சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் அலைதான் காரணம். கடலுக்கு ஓதம் இருப்பதுபோல காற்றுக்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் இது பெரிதாகத் தெரியாது. இங்கே தினமும் நடக்கும்.

அப்போ ஜிபிஎஸ் போதாதா? அது இடத்தைச் சொல்வதில் கெட்டி, உயரத்தில் தடுமாறும். பாறை இடுக்குகளில் இன்னும் மோசம். தவிர, பூமியை வழவழப்பான, துருவங்களில் சற்றே தட்டையான கோளமாக வைத்துத்தான் ஜிபிஎஸ் கணக்குப் போடுகிறது. தென்னிந்தியாவில் உண்மையான கடல் மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இது 100 மீட்டரைத் தாண்டும். இந்த வித்தியாசத்தைத் திருத்தாவிட்டால், மெரினாவில் நிற்பவரையே கடலுக்கு அடியில் காட்டிவிடும்!

தீர்வு எளிது. உயரம் தெரிந்த இடத்தில் வாட்ச்சைத் திருத்திவிட்டுக் கிளம்புங்கள். ரயில் நிலைய மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து உயரமும் இருக்குமே, அது இதற்கு அருமையாக உதவும். தருமபுரியில் இறங்கி வருபவர்களுக்கு வசதி. மசாஜுக்கு முன் வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள்; சென்சார் துளையில் எண்ணெய் அடைத்தால் கணக்கு கோவிந்தா. அடைத்துவிட்டால் தண்ணீரில் அலசுங்கள், ஊசியால் குத்த வேண்டாம்.

இந்தக் குழப்பத்தில் ஒரு நன்மையும் உண்டு. மலையேறும்போது ஓய்வுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ‘உயரம்’ கிடுகிடுவென ஏறினால், அழுத்தம் சரிகிறது என்று அர்த்தம். மழை வரலாம், இறங்குவதே நல்லது.

ஆனால், காவிரியில் வரும் வெள்ளத்தை எந்த வாட்ச்சும் சொல்லாது. ஒகேனக்கல்லில் வெயில் அடிக்கும்போதே கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த தண்ணீர் வந்து சேரும். குளிக்கவும் பரிசலுக்கும் தடை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தால், மறுபேச்சு வேண்டாம், கரையேறிவிடுங்கள்.